ஆற்றங்கரைப் பெயர்ப்பலகை

ஆகன், ஜேர்மனி
11.02.2024

அன்புள்ள சிவா மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீரும் மச்சாளும் சிட்னியில் சுகமாயிருக்கப் பிள்ளையார் துணை நிற்பார். எனக்கு வலது முழங்கால்தான் கொஞ்சம் படுத்துகிறது. குளிர் விட்டால் சரிவரும்.

மூன்று தரம் உமது கடைக்கு ரெலிபோன் எடுத்தேன். "சுகிர்தன் கதைக்கிறன்" என்றதும் வைத்துவிட்டீர். தொண்ணூற்றெட்டில் விமான நிலையத்தில் "உன்ர குரல் இனி என்ர காதில விழக்கூடாது" என்று நீர் சொன்னது நினைவிருக்கிறது. ஆகவே குரல் இல்லாமல் எழுதுகிறேன்.

எங்கள் ஊரை ஒட்டி ஓடும் சிற்றாறுதான் ஜேர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் எல்லை. 2021 யூலை வெள்ளத்தில் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறை முகட்டுமட்டும் நிறைந்தது. எதிர்க்கரையில் ஒரு வயோதிபரை ஆறு கொண்டுபோனது. கரையைக் கல்லால் கட்டாமல், தென்னந்தும்புப் பாய் விரித்து வேர் பிடிக்கும் மரங்கள் நட்டுக் காப்பதற்கு ஆற்றுச் சங்கம் திட்டம் போட்டிருக்கிறது. சங்கத்தின் பொறியியலாளர் என் மகள் ஷாமினி. எல்லை கடந்த காலநிலை வேலைகளுக்கென்று ஐரோப்பாவில் ஒரு நிதியம் இருக்கிறது. இரண்டு நாட்டாரும் சேர்ந்து கேட்டால்தான் கொடுப்பார்கள். டச்சுக்காரர் கையெழுத்து வைத்துவிட்டார்கள். குறை ஒன்றுதான். இதே முறையை வேறெங்காவது செய்து, மூன்று வருடம் கரை நின்றதற்கு அத்தாட்சி வேண்டுமாம்.

சிட்னியில் உமது பக்கத்து டூங்காபி ஓடையில் நீர் அதைச் செய்திருக்கிறீர். எங்கள் சங்கத்தோடு சேர்ந்து செய்தது என்று ஒரு கடிதம் தந்தால் போதும். செப்ரெம்பர் 30 கடைசி நாள். நிதி கிடைக்காவிட்டால் ஷாமினியின் வேலையும் முடிந்துவிடும்.

பழசுகளை மனதில் வையாதையும்.

அன்பு மச்சான்,
சுகிர்தன்

*

பென்டில் ஹில், சிட்னி
02.04.2024

சுகிர்தன்,

கடிதம் வந்து ஐந்து கிழமை. தொடங்கும்போது சுகம் விசாரிப்பது வழக்கம். நான் விசாரிக்கவில்லை. மறதியால் அல்ல.

"நீர்" போட்டு எழுதியிருக்கிறாய். ஜேர்மனி அகதி முகாமில் "நீ" என்றுதான் கதைத்தாய். மரியாதை எப்போது வந்ததென்று எனக்குத் தெரியும். தேவை வந்தபோது.

"பழசுகள்" என்று ஒரு சொல்லில் சுருட்டிவிட்டாய். நான் வியாபாரி. பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை. பிரிக்கிறேன்.

தொண்ணூற்றைந்தில் கொழும்பு லொட்ஜில் பிடித்துப் பதினேழு நாள் வைத்திருந்தது என்னை. இடது காது போனது அங்கேதான். பதினோராம் நாள் ஒரு காவலாளி தன் சோற்றுப் பார்சலை நடுவால் பிரித்தான். முட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு, கெதியாகச் சாப்பிடு என்று சிங்களத்தில் சொன்னான். அடிக்கு அழாதவன் அந்த முட்டைக்கு அழுதேன். இதை என் தாய்க்கும் சொன்னதில்லை. முகாமில் மேல்கட்டிலில் படுத்திருந்த என் மாமாவின் மகனுக்குச் சொன்னேன், உனக்கு. உன்னை உன் அப்பா உழைக்க அனுப்பினவர். அகதிக் கேஸில் சொல்ல உன்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. உன் விசாரணை என்னுடையதற்கு ஆறு கிழமை முந்தி வந்தது.

என் முறை வந்தது. முட்டைக்கு வந்ததும் அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். இதே சம்பவத்தை, இதே முட்டையோடு, வேறொருவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார், நான் சொல்வது இரவல் கதை என்று தீர்ப்பில் எழுதினார்கள். உனக்கு விசா கிடைத்தது. என்னை விமானத்தில் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கிய இடத்திலேயே பிடித்தார்கள். எட்டு மாதம். அதில் முட்டை இல்லை.

சந்திரவதனாவைக் கட்டி 2001இல் இங்கே வந்தேன். பிளெமிங்டன் சந்தையில் மூட்டை இறக்கினேன். இன்று வருடத்துக்கு நாற்பது கொன்ரெயினர் தும்பு இறக்குகிறேன்.

உன் கடிதத்துக்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சரக்கு என்னிடம் இருக்கிறது. விலையைப் பிறகு சொல்கிறேன். நிதியத்தின் விதிப் புத்தகத்தை அனுப்பு.

சிவபாலன்

*

ஆகன்
05.05.2024

அன்புள்ள சிவா மச்சானுக்கு,

நலம். உங்கள் நலமே எங்கள் விருப்பம். உமது கடிதத்தை வேலை இடத்தில் வைத்து வாசித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

விதிப் புத்தகத்தின் பிரதி இத்துடன். எண்பத்துநாலு பக்கம். ஆங்கிலத்தில் உள்ளதையே எடுத்தேன். நிதி கிடைத்தால் இரு கரையிலும் பதினொரு கிலோமீற்றருக்குத் தும்புப் பாய் வேண்டும். அதை உம்மிடமே வாங்குவதற்கு ஷாமினியிடம் சொல்லியிருக்கிறேன். உமக்கும் நல்ல வியாபாரம்.

இந்த முறை வெயில் நேரத்துக்கு வந்துவிட்டது. செர்ரி பூத்துக் கொட்டிவிட்டது. அந்த நாளில் முகாமில் எத்தனை பேர் எத்தனை கஷ்டத்தோடு இருந்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் தப்பினோம். அதெல்லாம் ஒரு காலம்.

முழங்காலுக்கு ஊசி போட்டார்கள். கடிதத்தை மறவாதையும்.

அன்புடன்,
சுகிர்தன்

*

பென்டில் ஹில்
10.06.2024

சுகிர்தன்,

"ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் தப்பினோம்." இந்த வரியைச் சந்திரவதனாவுக்கு வாசித்துக் காட்டினேன். மேய்ஸ் ஹில் கோயில் கார் நிறுத்துமிடத்தில், அவள் அர்ச்சனைத் தட்டோடு நின்றாள். "விடுங்கோவனப்பா, அந்தாளுக்கும் வயசு போச்சு" என்றாள். "எனக்கு மட்டும் வயசு இறங்குதோ?" என்றேன். தட்டை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விதிப் புத்தகம் முழுவதும் வாசித்தேன். என் தொழிலில் சரக்குள்ளவனும் காசுள்ளவனும் போதும். உங்களுக்கு இரண்டு நாடு, நாலு முத்திரை, வருடத்துக்கு மூன்று கூட்டம், கூட்டத்துக்குச் சாண்ட்விச். நூற்றுக்கு எண்பது அவர்கள் தருவார்கள், இருபதுக்கு நீங்கள் அலைய வேண்டும். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இரு கரையாரும் சேர வேண்டும் என்ற விதியை எழுதியவனுக்கு ஆறு தெரியும். ஒரு கரைக்கு மட்டும் பாய் விரித்தால் வெள்ளம் மற்றக் கரையைத் தின்னும். டூங்காபியில் நானே கண்டேன்.

61ஆம் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

உன் கொன்ரெயினர் ஓர்டர் எனக்கு வேண்டாம். என் விலை ஒரு தாள். முகாமில் நீ செய்ததை உன் கையால், தமிழில், பெயரும் திகதியும் போட்டு எழுதி அனுப்பு. "அந்தக் காலம்" என்றோ "எல்லாரும்" என்றோ அதில் இருக்கக்கூடாது. நான், நீ, முட்டை. அவ்வளவுதான்.

குடியுரிமையைப் பறிப்பார்கள் என்று சாட்டுச் சொல்லாதே. காசு கட்டி அங்கே ஒரு வக்கீலிடம் கேட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு தொடமாட்டார்களாம். ஆகவே நீ பயப்படுவது சட்டத்துக்கு அல்ல. வேறு யாருக்கு என்று எனக்குத் தெரியும்.

சிவபாலன்

*

ஆகன்
09.07.2024
(மின்னஞ்சல்)

மதிப்புக்குரிய சிவபாலன் மாமா,

வணக்கம். நீங்களும் மாமியும் சுகமாக இருக்கிறீர்களா? நான் ஷாமினி. என் தமிழ் தமிழ்ப் பாடசாலைத் தமிழ். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் கடிதம் வரும் என்று அப்பா சொல்கிறார். ஆனால் கேட்டால் உடனே வேறு அறைக்குப் போகிறார். அதனால் நானே எழுதுகிறேன். விண்ணப்பத்தில் உங்கள் ஓடை பற்றிய பகுதியை எழுதிவிட்டேன். 2019இல் அப்பா சிட்னிக்கு வந்து ஒரு கிழமை உங்களோடு பாய் விரித்த விபரங்களை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வெள்ளை கொக்கட்டூ பறவைகள் தும்பைப் பிடுங்கியது, மாமி மிளகாய்த்தூள் கரைத்து ஊற்றியது, பறவைகளுக்கு உறைப்பே தெரியாமல் அதையும் சேர்த்துத் தின்றது, பிறகு நீங்கள் கோழிக்கூட்டு வலை போட்டது. அப்பா சொல்லும்போது நாங்கள் மிகவும் சிரித்தோம். திட்டத்தின் ஆலோசகர் என்று அவர் பெயரைப் போட்டிருக்கிறேன்.

முதல் பாய் விரிக்கப் போகும் இடம் எங்கள் குசினி யன்னலுக்கு நேரே உள்ள வளைவு. வெள்ளம் உள்ளே வந்தது அதால்தான். அன்றைக்கு அம்மா கதிரைக்கு மேலே ஏறி நின்றா. அந்தக் கரையைக் கட்டாமல் நான் வேறு வேலைக்குப் போகமாட்டேன்.

தயவுசெய்து அந்தக் கடிதத்தைத் தாருங்கள்.

அன்புடன்,
ஷாமினி

*

பென்டில் ஹில்
24.07.2024

சுகிர்தன்,

இரண்டாம் தரம்.

2019இல் நீ அவுஸ்திரேலியாவுக்கு வந்தாய், உண்மைதான். மெல்பேணில் கேரம் டவுன்ஸ் கோயிலில் உன் சகலனின் மகளுக்குக் கல்யாணம். தனியாக வந்து நாலு நாள் நின்றாய். சிட்னிப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. மிளகாய்த்தூள் கதை நான் இங்கே தமிழ் வானொலியில் சொன்னது. இணையத்தில் கேட்டிருக்கிறாய். அன்றைக்கு முட்டை, இன்றைக்கு மிளகாய்த்தூள். நல்ல துண்டாகப் பார்த்து எடுக்க உனக்குத் தெரியும்.

உன் மகளுக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதுவேன் என்று யோசித்துக்கொண்டிரு. அது எனக்கு ஒரு தாளும் ஐந்து நிமிடமும்.

ஓகஸ்ட் முடியமுன் நான் கேட்டதைத் தபாலில் போடு. படம் எடுத்து அனுப்பாதே. மை காய்ந்த தாள் வேண்டும்.

சிவபாலன்

*

ஆகன்
20.08.2024

சிவா,

1996ஆம் ஆண்டு மே மாதம் அகதி விசாரணையில் நான் சொன்னது என் கதை அல்ல. அது சிவபாலனுடையது. என்னை ஒருவரும் பிடிக்கவில்லை, அடிக்கவில்லை. லொட்ஜ், பதினேழு நாள், பாதிப் பார்சல், முட்டை எல்லாம் அவன் கீழ்க்கட்டிலில் இருந்து எனக்குச் சொன்னவை. அவனுடைய விசாரணை எனக்குப் பிறகு வரப்போகிறது என்று தெரிந்துகொண்டே சொன்னேன். அவன் பொய்யன் என்று தீர்ப்பு வந்தபோது நான் அதே அறையில் இருந்தேன். அவன் தீர்ப்பை என்னிடம்தான் வாசிக்கத் தந்தான். எனக்கு அவனைவிட நன்றாக ஜேர்மன் மொழி தெரியும். வாசித்துச் சொன்னேன். முட்டை வரியை விட்டுவிட்டு வாசித்தேன். அதை அவன் பிறகு வக்கீலிடம்தான் அறிந்தான்.

நீ கேட்டது இவ்வளவுதான். இன்னும் ஒன்றை நீ கேட்கவில்லை, எழுதுகிறேன். அந்தக் கதையை விசாரணையோடு நிறுத்த முடியவில்லை. மனுசி கேட்டாள், சொன்னேன். பிள்ளை கேட்டாள், சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சில நாள் வாயில் முட்டை ருசித்தது.

வாசித்ததும் எரித்துவிடு. சுகம் கேட்டு எழுத இன்றைக்கு என்னால் முடியவில்லை.

சுகிர்தன்

*

பென்டில் ஹில்
11.09.2024

சுகிர்தன்,

தாள் கிடைத்தது. எரிக்கமாட்டேன். ஷாமினிக்கும் அனுப்பமாட்டேன். கடைப் பெட்டகத்தில், கொன்ரெயினர் காப்புறுதிப் பத்திரங்களோடு இருக்கும். இருக்கிறது என்பது உனக்குத் தெரிந்தால் போதும்.

நிதியத்துக்கான கடிதம் இன்று போய்விட்டது. பிரதி ஷாமினிக்கு. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஓடை வேலை என் கொம்பனியுடையது, உன் சங்கத்துக்கு அதில் பங்கில்லை, நீ டூங்காபியைக் கண்ணாலும் கண்டதில்லை என்று எழுதினேன். அதோடு, முறையை உங்கள் ஆற்றுக்குத் தருகிறேன், ஐந்து வருட அளவுகள் முழுவதையும் தருகிறேன், ஷாமினி எனக்கு எழுதியதில் ஆறு தெரிந்த ஆள் தெரிகிறது என்றும் எழுதினேன். வேறெங்காவது செய்திருக்க வேண்டும் என்றுதான் விதி. நீங்கள்தான் செய்திருக்க வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. நீ அதைச் சரியாக வாசித்திருந்தால் திருடவே தேவையில்லை. தேவையில்லாத இடத்திலும் கை போகிறது உனக்கு.

தும்புப் பாய் என்னிடம்தான் வாங்க வேண்டும் என்று கேட்கவில்லை. வாங்கினால் முழு விலை.

நிபந்தனை இரண்டு. ஷாமினி இரண்டுக்கும் சம்மதித்துவிட்டாள்.

ஒன்று, விண்ணப்பத்தில் ஆலோசகர் என்று இருக்கும் உன் பெயர் எடுக்கப்படும்.

மற்றது 61ஆம் பக்கம். நிதியத்தின் காசில் நடக்கும் எந்த வேலைக்கும் இடத்திலேயே ஒரு நிரந்தரப் பலகை வைக்க வேண்டும். அதில் ஜேர்மன், டச்சு, தமிழ் மூன்றிலும் நான் தரும் இரண்டு வரி இருக்கும். "இந்தக் கரையைக் காக்கும் முறை சிட்னியைச் சேர்ந்த சிவபாலனுடையது. 1996இல் இந்த நாட்டில் அடைக்கலம் கேட்டு மறுக்கப்பட்டவர்." ஜேர்மன்காரர் யோசித்தார்களாம். டச்சுக்காரருக்கு இரண்டாவது வரி நன்றாகப் பிடித்துக்கொண்டதாம். பலகை நிற்கும் இடம் உன் குசினி யன்னலுக்கு நேரே உள்ள வளைவு.

என் கதையை உன் பெயரில் இருபத்தெட்டு வருடம் சாப்பிட்டாய். இனி என் பெயரைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடி.

சிவபாலன்

*

ஆகன்
19.10.2025

அன்புள்ள சிவா,

இங்கே மூவரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் இருவரும் சுகமாயிருங்கள்.

போன பெப்ரவரியில் நிதி கிடைத்தது உனக்குத் தெரியும். பாய் விரித்து மரம் நட்டாயிற்று. நேற்றுப் பலகை திறந்தார்கள். இரு கரைச் சனமும் வந்தது. இரண்டு ஊர் மேயர்களும் கயிற்றை இழுத்தார்கள். வாசித்தவர்கள் எல்லோரும், யார் இந்த சிவபாலன், ஏன் மறுத்தார்கள் என்று ஷாமினியைக் கேட்டார்கள். அவளுக்குத் தெரியாது. நான் சிட்னிக்குப் போகவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அவள் என்னோடு அளந்துதான் கதைக்கிறாள். "அப்பா, உங்களுக்குத்தானே அவரைத் தெரியும், நீங்களே சொல்லுங்கோ" என்று ஒலிவாங்கியைத் தந்தாள். நான் ஜேர்மனில் சொல்ல, எதிர்க்கரைச் சனத்துக்கு அவள் டச்சில் சொன்னாள்.

லொட்ஜில் இருந்து தொடங்கினேன். அவளும் சொல்லிக்கொண்டு வந்தாள். பதினோராம் நாள், காவலாளி, பாதிப் பார்சல். அதில் நின்றுவிட்டாள். அந்தக் கதையை என் மடியில் இருந்து கேட்டு வளர்ந்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் "என் அப்பா" என்று அதைக் கட்டுரையாக எழுதிப் பரிசு வாங்கினவள். சனம் பார்த்துக்கொண்டு நின்றது. நான் அடுத்த வரியைச் சொன்னேன், முட்டையை சிவபாலன் பக்கம் தள்ளிவிட்டான் என்று. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு டச்சில் சொன்னாள். கடைசிவரைக்கும் ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள்.

பிறகு நான் முகாமில் செய்ததையும் சொன்னேன். அதையும் மொழிபெயர்த்தாள்.

வீட்டுக்கு அவள் வரவில்லை. சிநேகிதி வீட்டில் நிற்கிறாளாம்.

பலகை யன்னலால் தெரிகிறது. தமிழ் எழுத்துத்தான் பெரிதாகத் தெரிகிறது.

சுகிர்தன்

*

பென்டில் ஹில்
16.11.2025

சுகிர்தன்,

ஷாமினி போன கிழமை ரெலிபோன் எடுத்தாள். "மாமா, முட்டை உண்மையா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்டவற்றை இங்கே எழுதமாட்டேன், அவை எங்கள் இருவருக்குள் இருக்கட்டும். வீட்டுக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னாள், உனக்காக அல்ல, தாய்க்காக. கதைத்துக்கொண்டிருக்கும்போது அவளுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். ரெலிபோனைக் கேளாத இடது காதுக்கு மாற்றிவிட்டேன். அதால் அவள் சொன்னதும் எனக்குக் கேட்கவில்லை. ஓம் ஓம் என்று சொல்லி வைத்தேன்.

சந்திரவதனா உன் கடிதத்தை வாசித்தாள். "இப்பவாவது உங்களுக்கு ஆறிச்சுதா?" என்றாள். இல்லை என்றேன். நீ மேடையில் சொன்னது நான் கேட்டதல்ல, நீயாகக் கொடுத்தது. வியாபாரத்தில் கேட்காமல் வருவதைக் கணக்கில் எடுப்பதா விடுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தாள் பெட்டகத்தில்தான் இருக்கிறது.

இப்போது, முதல் தரமாக, சுகம் விசாரிக்கிறேன். முழங்கால் எப்படி? ஊசியை நம்பிக்கொண்டிருக்காதே. சத்திரசிகிச்சை செய், பிந்தாதே. இனிப்பைக் குறை. ஆற்றங்கரைப் பலகைக்குப் பராமரிப்பு வேண்டும். தாரா எச்சம் போடும், குளிருக்குப் பாசி படரும். கிழமைக்கொரு தரம் துடைக்க வேண்டும். ஷாமினிக்கு வேலை இருக்கிறது, அவள் துடைக்கக்கூடாது. குனிந்து அடிவரியைத் துடைக்க முழங்கால் மடங்க வேண்டும்.

நீ நெடுங்காலம் இருக்க வேண்டும், சுகிர்தன். வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் முருகனுக்கு உன் பெயரில் அர்ச்சனை செய்வித்தேன். நூறு வயது கேட்டேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். அனுஷம் என்றேன். அதை நான் மறக்கவில்லை.

சிவபாலன்